நான்கு சுற்று

என் சகலை காலையில் தன் காரைக் கிளப்ப நான்கு சுற்று சுற்றுவார். செல்ஃப் ஸ்டார்ட்டர் அந்த வண்டியில் எப்போதோ செத்துப்போயிருந்தது. முன்னால் குனிந்து, பம்பருக்குக் கீழே உள்ள துளையில் இரும்பு ஹேண்டிலைச் செருகி இரண்டு சுற்று. பிறகு நிமிர்ந்து, வண்டியின் அந்தப் பக்கம் போய், கதவு வழியாக உள்ளே கைவிட்டு ஒரு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார். அவசரமே இருக்காது. திரும்பி வந்து இன்னும் இரண்டு சுற்று. வண்டி உறுமும். தெரு முழுக்கக் கேட்கும்படி ஒரு முறை ஹார்ன் அடித்துவிட்டுக் கிளம்புவார்.

எதிர்வீடு என்னுடையது. எங்கள் தெருவுக்குப் பதினெட்டு அடி அகலம். ஜன்னலோரம் நின்று சவரம் செய்துகொண்டே நான்கு வருடம் எண்ணியிருக்கிறேன். மழை நாளில் ஐந்து, ஆறு ஆகும். ஆள் வைத்துத் தள்ளியது மொத்தம் பதினொரு முறை. விருதுநகர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை எண்ணுவதுதான் என் உத்தியோகம். காலையில் வீட்டிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடுவேன், அவ்வளவுதான்.

சகலை பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆர்டர் பிடித்துத் தருகிறவர். சீசன் நேரத்தில் எம். புதுப்பட்டி, தாயில்பட்டி என்று சுற்றிக்கொண்டே இருப்பார். எங்களுக்குள் வயது வித்தியாசம் மூன்று மாதம், மூத்தவன் நான். ஆனால் அவர் அக்காளைக் கட்டியவர், நான் தங்கச்சியைக் கட்டியவன். ஆகையால் நான் அவரை ‘அண்ணாச்சி’ என்றும் அவர் என்னைத் ‘தம்பி’ என்றும் கூப்பிட வேண்டியதாயிற்று. மூன்று மாதம் பெரியவனைத் தம்பி என்று கூப்பிடுகிற ஒருவர் எதிர்வீட்டில் காரும் வைத்திருந்தால் எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

அந்தக் கார் எனக்கு வேண்டாததாக இருந்திருந்தால் மறந்திருப்பேன். என் மனைவிக்கு இளைப்பு நோய் இருந்தது. மாசி பிறந்து மிளகாய் வத்தல் வரத்து தொடங்கிவிட்டால், தெருக்கோடியில் இருந்த கிட்டங்கிகளில் மூட்டை இறக்கும் ஒவ்வொரு நாளும் அவள் நெஞ்சு அடைக்கும். ஊர்க்காரர்கள் தும்மிவிட்டுப் போவார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு அலைவாள். ஊரைவிட்டு வெளியேறினால் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். மருந்தைவிட அதுதான் மருந்து என்று டாக்டரே சொல்லியிருந்தார். அவளுடைய அப்பா ஊர் தாயில்பட்டிக்குப் பக்கத்தில், இருபத்தைந்து மைல். பஸ் வரும் வரை மூச்சு காத்திருக்காதே.

ஒரு பங்குனியில் சகலைதான் தன் காரில் அவளை ஏற்றிக்கொண்டு போனார். நான் முன் சீட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திருத்தங்கல் தாண்டியதும் அவளுக்கு மூச்சு திரும்பிவிட்டது. எனக்குத்தான் அடைத்தது. ஊர் போய் இறங்கியதும் மாமியாரிடம் அவள் சொன்னாள்: “அத்தான் வண்டி மட்டும் இல்லைன்னா இன்னைக்கு நான் இல்லம்மா.” மாமியாரிடம் மட்டும் சொல்லியிருந்தால் போகிறது. சாயங்காலத்துக்குள் ஐந்து பேரிடம் சொன்னாள்.

அதற்கு அடுத்த வருடம் மாமனார் ஊரை ஒட்டிக் கிடந்த ஒரு துண்டு நிலத்தைப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கு விற்றார். மகள்கள் இருவருக்கும் ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். அந்தப் பணத்துக்கு ஒரு பழைய கார் வாங்குவது என்று நானும் மனைவியும் முடிவுசெய்தோம். எனக்கு ஓட்டத் தெரியும். கூட்ஸ் ஷெட்டுக்கு வரும் லாரி டிரைவர் ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தார். என்ன வண்டி வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினேன். ஆறு பேர் நெருக்கி உட்கார வேண்டும். ஒரு காலன் பெட்ரோலுக்கு முப்பது மைல் ஓட வேண்டும். டயருக்கு என்று நானூறு ரூபாய் ஒதுக்கிய பிறகு இரண்டாயிரத்து நூறுக்குள் முடிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ‘அவளுக்கு மூச்சு முட்டும் நாளில் உடனே கிளம்ப வேண்டும்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

ஏழு வண்டி பார்த்தேன். எண்ணெய் வியாபாரி ஒருவருடைய வண்டியில் எண்ணெய் வாசத்துக்கு வந்த எலிகள் வயரையெல்லாம் தின்றிருந்தன. இன்னொன்றில் சீட்டைத் தூக்கினால் கீழே ரோடு தெரிந்தது. எம். புதுப்பட்டியில் பார்த்ததுதான் கிட்டத்தட்ட வாங்கிவிட இருந்த வண்டி. பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவருடையது. சீட்டில் உட்கார்ந்து எழுந்தபோது வேட்டியின் பின்பக்கம் அலுமினியப் பொடி ஒட்டி மினுங்கியது. அது துவைத்தால் போய்விடும். கம்பெனி வாசலில் நின்ற வண்டியை அங்கேயே கிளப்பிக் காட்டச் சொன்னேன்.

“இங்கன வச்சா? என்ன சார், படிச்சவுக பேசுற பேச்சா இது? ஷெட்டு பூரா மருந்து கிடக்கு. ஒரு பொறி பட்டாப் போதும், நீங்க விருதுநகருக்குக் காரில்லாமலே போய்ச் சேந்துருவீக.”

நியாயம்தான் என்று பட்டது. வேலையாட்கள் நான்கு பேர் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். தள்ளின வேகத்தில் முதலாளி உள்ளே ஏறி கியர் போட, வண்டி கிளம்பிவிட்டது. அருமையாக ஓடியது. சிவகாசி வரை போய்த் திரும்பினோம். கம்பெனிக்கு எட்டத்தில் நிறுத்தி இறங்கியதும், இப்போது மருந்துக்குத் தூரமாகத்தானே இருக்கிறோம், ஹேண்டில் போட்டுக் காட்டுங்கள் என்றேன். முதலாளி வேலையாட்களைப் பார்த்தார். அவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான்.

“ஹேண்டிலா? அதைப் பாத்து மூணு தீபாவளி ஆச்சு சார். இந்த வண்டிக்கு நாங்கதான் ஹேண்டிலு.”

மருந்துக்குப் பயந்து தள்ளித் தள்ளியே பழகியதில், தள்ளாமல் கிளம்புமா என்பதையே அவர்கள் மறந்துவிட்டிருந்தார்கள். அவள் மூச்சுக்குத் தவிக்கும்போது எம். புதுப்பட்டியிலிருந்து நான்கு பேரைக் கூட்டி வர முடியாது. வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரம்தான் சகலைக்குப் புதுக் கார் கிடைக்கும் என்ற கடிதம் வந்தது. பெயர் பதிந்து வருடக்கணக்கில் காத்திருந்த வண்டி. பழையதை விற்கப் போகிறார். தெருவே என்னிடம் வந்து சொன்னது. என் மனைவி என் தாளை எடுத்து மேசைமீது வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஒரு முழு ராத்திரி அந்த வண்டிக்குக் குறை தேடினேன். அகப்படவில்லை. ஆறு பேர் உட்காரலாம். முப்பத்திரண்டு மைல் ஓடும். அதன் நோய்நொடி எல்லாம் எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். பொறாமையில் நான்கு வருடம் பார்த்த வண்டி அல்லவா. உலகத்திலேயே எனக்குத் தெரிந்த ஒரே கார் அதுதான். நான் மட்டும் வாங்கவே கூடாத ஒரே காரும் அதுதான்.

“வெளியாளுக்குக் குடுக்க மனசில்ல தம்பி” என்றார் சகலை. “நீங்க எடுத்துக்கிட்டா கண்ணு முன்னாடியே நிக்கும்ல.”

விலை பேச மாமனார் ஊரிலிருந்து வந்தார். மாட்டுச் சந்தைகளில் ஆயுசு முழுக்கத் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசியவர். “ரெண்டு மருமகனும் வாய்விட்டு விலை பேசப்படாது. மனசு கோணிரும்” என்று தன் துண்டை எங்கள் கைகள்மீது போட்டார். இரண்டாயிரம் என்று அவரே சொல்லிவிட்டார். அதற்கு மேல் எத்தனை நூறு என்பதுதான் விரல் கணக்கு.

துண்டுக்குள் சகலை என் ஒரே ஒரு விரலைப் பிடித்தார். இரண்டாயிரத்து நூறு. என் தாளில் எழுதியிருந்த அதே தொகை. வெளியில் அதற்கு இரண்டாயிரத்து ஐந்நூறு தர ஆள் இருந்தது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நானூறு ரூபாய் விட்டுக்கொடுக்கிறார். அந்த விலைக்கு வாங்கினால் அது இரும்புக்கடைக்குப் போகிற வரைக்கும் அவர் வண்டிதான்.

நான் அவருடைய நான்கு விரல்களைச் சேர்த்துப் பிடித்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மறுபடி ஒரு விரல். நான் மறுபடி நான்கு. அவர் இரண்டு. நான் நான்கை விடவில்லை.

“தம்பி, நீங்க வாங்குறவரு. ஞாபகம் இருக்கா?”

“என்ன, விலை படியலையா?” என்றார் மாமனார்.

“படியுது மாமா. மேல மேல படியுது.”

கடைசியில் மூன்று விரலில் நின்றது. பேரம் பேசி விலையை ஏற்றி வாங்கியவன் விருதுநகரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நான்கு டயர் வாங்க வைத்திருந்த பணத்தில் இரண்டுதான் வாங்க முடிந்தது.

சாவியைத் தரும்போது அவர் சொன்னார்: “ஹேண்டில் போடுறதுல ஒரு சின்னப் பக்குவம் இருக்கு. காட்டித் தாரேன், வாங்க.”

“வேண்டாம் அண்ணாச்சி. நாலு சுத்து. தெரியும்.”

“நாலுன்னு யாரு சொன்னா?”

என் காது சூடாகிவிட்டது. அவர் எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஓ, எண்ணி வச்சிருக்கீகளா! அப்பக் கவலையில்ல” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் காலை நான்கு சுற்று சுற்றினேன். கிளம்பவில்லை. பதினேழாவது சுற்றில் கிளம்பியது. அடுத்த நாள் பதினான்கு. ஒரு நாள் இருபத்திரண்டு. ஹேண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டு வீங்கியது. எதிரே சகலையின் புதுக் கார் வந்து நின்றது. சாவியைத் திருகினால் போதும், எண்ணுவதற்கு ஒன்றுமே கிடையாது. அதில் ரேடியோ வேறு வைத்திருந்தார். “நீங்க கூடக் குடுத்த காசுலதான் ரேடியோ வாங்குனாகளாம். அக்கா சொன்னா” என்றாள் என் மனைவி. அவர் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். தலையைத் தூக்காமலே கேட்பார்:

“இன்னைக்குப் பதினாறா தம்பி? நேத்தைக்கு விட ரெண்டு கம்மி. பரவாயில்லையே.”

இப்போது எண்ணுகிறவர் அவராகிவிட்டார். அந்தப் பக்குவத்தைக் கேட்டுவிடுங்கள் என்றாள் மனைவி. அந்த மனிதரிடமா என்றேன்.

மாசி பிறந்தது. ஒரு நாள் விடிகிற நேரத்திலேயே கிட்டங்கியில் வத்தல் லோடு இறக்கினார்கள். ஆறு மணிக்கெல்லாம் என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டு ஹேண்டிலை எடுத்தேன். நான்கு. எட்டு. கண்ணாடி வழியாக அவள் தோள் ஏறி இறங்குவது தெரிந்தது. பன்னிரண்டு. உதட்டில் நீலம் படரத் தொடங்கியிருந்தது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சகலை கையில் புதுக் காரின் சாவியோடு வந்தார்.

“கூட்டிட்டு வாங்க. நம்ம வண்டியில போயிருவோம்.”

மறுபடியும் அந்த முன் சீட்டு. மறுபடியும் ஐந்து பேர். நான் இன்னும் மூன்று சுற்று சுற்றினேன். இதை எழுதும்போது கூசுகிறது; ஆனால் சுற்றினேன், பதினைந்து வரை. அவள் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டினாள். பேச மூச்சில்லை. தட்டினாள், அவ்வளவுதான்.

“அண்ணாச்சி” என்றேன். “நாலு சுத்துல எப்படிக் கிளப்புவீக?”

நான்கு மாதமாக இதற்காகவே காத்திருந்தவர்போல ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவரோ நேரே டிரைவர் பக்கம் போய், நான் முதலிலேயே போட்டு வைத்திருந்த சாவியைத் திருப்பி அணைத்தார். சோக்கை முழுதாக இழுத்தார். பெட்ரோல் கூடக் குடிக்கும் என்று நான் தொடாமலே வைத்திருந்த சோக். முன்னால் வந்து இரண்டு சுற்று. மறுபடி அந்தப் பக்கம் போய் இப்போதுதான் சாவியைத் திருப்பினார். வந்து இரண்டு சுற்று. வண்டி உறுமியது.

நான்கு வருடம் நான் பார்த்தது துண்டைத்தான். துண்டை எடுக்கப் போன கை சாவியையும் திருப்பியிருக்கிறது. அது என் ஜன்னலிலிருந்து தெரியாத பக்கம்.

“வேட்டுக்கு மருந்து இடிக்கிற மாதிரிதான் தம்பி. முதல்ல ரெண்டு சுத்து அதுக்குத் தீனி. அப்புறந்தான் நெருப்பு. போங்க, போங்க.”

திருத்தங்கல் தாண்டியதும் மூச்சு திரும்பியது. எங்கள் வண்டியில், நான் ஓட்டி, அவளுக்கு மூச்சு திரும்பியது. மீதி மைல் கற்களை நான் ராஜாபோல எண்ணிக்கொண்டு போனேன். மாமியார் வாசலுக்கு ஓடி வந்தார்.

“எங்க வண்டியிலதாம்மா வந்தோம்” என்றாள் என் மனைவி. என் நெஞ்சு நிமிர்ந்தது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு முடித்தாள்: “அத்தான்தான் கிளப்பிக் குடுத்தாக.”

சாயங்காலத்துக்குள் ஐந்து பேரிடம் சொன்னாள். ஆறாவதாக ஒரு பால்காரரிடமும்.

ஊர் திரும்பிய மறுநாளிலிருந்து நானும் நான்கே சுற்றில் கிளப்பினேன். இரண்டு சுற்றிவிட்டு அந்தப் பக்கம் போகும்போது எடுப்பதற்கென்று ஒரு துண்டை உள்ளே போட்டு வைத்திருந்தேன். தெருவில் வேறு யாராவது ஜன்னலோரம் நின்று சவரம் செய்துகொண்டிருக்கலாம். அவர்களுக்கு நான் முகம் துடைப்பது மட்டும் தெரிந்தால் போதும்.