பக்கம் முடிந்த இடம்

ஆத்தூர் செபஸ்தியம்மாள் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கும் கூலி. நாற்பதைத் தாண்டிய பிறகு அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்தாள். வகுப்பு நடத்தியவன் நான். எனக்குக் கோயில் பழக்கம் கிடையாது. அவள் படிக்க வந்ததோ பைபிளைத் தானே வாசிக்கத்தான். கூலிக்காரர் சங்க நோட்டீஸை வாசிக்கக் கொடுத்தால் கொட்டாவி விடுவாள்.

1997. தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம். தலைவர் ராயப்பராஜ் வாத்தியார். முதன்முறையாக அவளை வாசிக்கச் சொன்னார். ஊதாரி மகன் கதை, பழைய மொழிபெயர்ப்பு. தடங்கலில்லாமல் வாசித்தாள். எல்லோரும் மலைத்துப் போனார்கள்.

மகன் தகப்பனிடம் திரும்பக் கிளம்பும் இடத்தில் பக்கம் முடிந்தது. அவள் தாளைத் திருப்பவில்லை. வாய் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

“செபஸ்தி, பக்கம் முடிஞ்சு போச்சு. வாய்தான் இன்னும் நிக்கல” என்றார் வாத்தியார்.

ஒரே சிரிப்பு. பிறந்ததிலிருந்து கோயிலில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான கதை. வாசிப்பதாகத்தான் அவளே நம்பியிருந்தாள். அடி அங்கேதான் விழுந்தது. அடுத்த வாரக் கூட்டம் அவள் வீட்டில். அங்கேயும் இப்படி என்றால் இனி அவள் மருமகள் ஐரின் வாசிக்கட்டும் என்று வாத்தியார் முடித்துவிட்டார்.

மறுநாள் கூலிக்குப் போகாமல், சொந்தமாக ஒரு பைபிள் வாங்க என்னையும் இழுத்துக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினாள். பழைய மொழிபெயர்ப்பையே வாங்கு, தாளைத் திருப்ப மட்டும் மறக்காதே, மானம் தப்பும் என்றேன். கடையில் பழையது, புதிதாக வந்தது என இரண்டு மொழிபெயர்ப்பிலும் அதே கதையை விரித்தாள். பழையதில் கண்ணை முந்திக்கொண்டு வாய் ஓடியது. புதியதில் சொற்கள் வேறு. மூன்றாவது சொல்லிலேயே நின்றுவிட்டாள்.

பழகினதையே எடுங்கம்மா என்றார் கடைக்காரர். அவள் புதியதை எடுத்தாள். எனக்குக் கோபம்.

“ஒரு வாரத்துல என்னத்தக் கிழிப்ப?”

“நின்னு நின்னு வாசிப்பேன் தம்பி. நிக்கிறதாவது நெசமா இருக்கும்ல.”

கூட்டத்தன்று வீடு நிறைந்திருந்தது. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து நகர்ந்தாள். எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனாலேயே அந்தத் தாமதத்தைத் தாங்க முடியவில்லை. யாரோ இருமினார்கள். வாத்தியார் பழைய சொற்களை எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

“குடுங்க அத்தே” என்று ஐரின் கை நீட்டினாள். செபஸ்தியம்மாள் புத்தகத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

மகன் ஊரை நெருங்கினான். தகப்பன் தூரத்திலேயே பார்த்துவிட்டான். அங்கே நின்றாள். விரலும் நின்றது. வாத்தியார் மிச்சத்தைச் சொல்ல வாயெடுத்தார்.

“பக்கம் முடிஞ்சிருச்சுங்கய்யா” என்றாள். “செத்த இருங்க. அவரு என்ன பண்ணாருன்னு பாத்துச் சொல்றேன்.”

விரலில் எச்சில் தொட்டுத் தாளைத் திருப்பினாள்.