குதிரை குடிக்காத தண்ணீர்

எங்கள் வீட்டுக் கிணறு சின்னது. ஆனால் நல்ல தண்ணீர். திருவண்ணாமலையில் எங்கள் தெருவில் மற்ற கிணறெல்லாம் உப்பு. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

அப்பா ஜட்கா என்கிற குதிரை வண்டி ஓட்டினார். ஸ்டேஷனில் இறங்குகிறவர்களைக் கோயிலுக்கு ஏற்றிப் போவார். சாயங்காலம் வந்ததும் முதல் வாளித் தண்ணீர் குதிரைக்கு. அப்புறம்தான் எங்களுக்கு. கிணற்றில் மீன் விட்டிருந்தோம். மீன் இருந்தால் தண்ணீர் கெடாது என்பார்கள்.

ஒரு ஆடி மாதம் கயிறு அறுந்து வாளி உள்ளே போய்விட்டது. கொக்கி போட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை போட்டிருந்தார், வேர்க்கடலைதான். அந்த வருஷம் கம்பளிப்பூச்சி ஜாஸ்தி. புதிதாக வந்த பூச்சி மருந்தை வாங்கி அடித்திருந்தார். மருந்து தீர்ந்த டின்னைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. நல்ல கெட்டித் தகரம். மேல்பக்கத்தை உளியால் வெட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்து, கம்பியில் பிடி மாட்டி அக்காவுக்குக் கொண்டுவந்திருந்தார். வெளியே மண்டை ஓட்டுப் படம் பாதி அழிந்தும் பாதி அழியாமலும் இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

அம்மா மோந்து பார்த்தாள். “நாத்தம் அடிக்குதேடா.”

“ரெண்டு தபா தண்ணி மொண்டா போயிடும்க்கா. கடையில வாங்கினாகூட இவ்ளோ கெட்டி வராது.”

சாயங்காலம் அந்த டின்னில் இறைத்து அம்மா குதிரைக்கு வைத்தாள். குதிரை மூக்கை வைத்தது. ஒரு செருமல் செருமித் தலையைத் திருப்பிக்கொண்டது. அப்பா கழுத்தைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

“இன்னா, தொரைக்கு சோடா வேணுமா?” என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தோம். மாமாதான் ரொம்பச் சிரித்தார். காலையில் பிடித்த குடத்துத் தண்ணீர் மீதி இருந்தது. நாங்கள் அதைக் குடித்துவிட்டுப் படுத்தோம்.

விடிந்து பார்த்தால் மீனெல்லாம் வெள்ளை வயிறு தெரிய மிதந்தது. அம்மா மீனைப் பார்த்தாள். டின்னைப் பார்த்தாள். மாமா கிணற்றடியிலேயே குந்திவிட்டார்.

“அடி மடிப்புல மருந்து இருந்திருக்கும்க்கா. அங்க வெரல் போவல.”

அம்மா திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். அப்பாதான் சொன்னார். “டின்ன மொதல்ல ஆழமா பொதைச்சிட்டு வா. மிச்சத்த அப்புறம் பாக்கலாம்.”

மாமா ஊருக்குப் போகவில்லை. கிணற்றை இறைத்தார்கள். ஏரி வாய்க்காலில் விடக்கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கொல்லைக் கோடியில் பள்ளம் வெட்டி அதில் ஊற்றினார்கள். அடி தெரிந்ததும் மாமாவே உள்ளே இறங்கிச் சேற்றை வழித்தார். தொலைந்த வாளியும் சேற்றில் கிடைத்தது. ஊற்று ஊறியது. அதையும் இறைத்துக் கொட்டினார்கள். இப்படியே பல நாள் போனது. பக்கத்துக் கிணறுகளிலும் மருந்து ஊறியிருக்குமோ என்ற பயத்தில், குடிக்கிற தண்ணீரை அப்பா தூரத்துக் கிணற்றிலிருந்து பீப்பாயில் பிடித்து வண்டியில் கொண்டுவந்தார். அதுவும் உப்புத் தண்ணீர். அம்மா முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள்.

அத்தனை நாளும் அம்மா மாமாவோடு பேசவில்லை. மாமா எதிரில் நிற்பார். “உங்க மாமன சாப்புட வரச் சொல்லு” என்பாள் என்னிடம். “உங்கம்மாள சோறு கம்மியா போடச் சொல்லு” என்பார் மாமா. நான் இரண்டு பேருக்கும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன்.

ஒரு நாள் காலையில் தண்ணீர் தெளிந்திருந்தது. நாற்றமும் இல்லை. யார் முதலில் குடிப்பது என்று தெரியவில்லை. அப்பா குதிரையைப் பார்த்தார். உடனே வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“எங்க ஆட்ட வேணா ஓட்டியாறேன். குடுத்துப் பாருங்க.”

“தப்பு பண்ணது நானு. ஆடு இன்னா பண்ணிச்சி?” என்றார் மாமா.

“இர்றா” என்று அப்பா கையை நீட்டுவதற்குள் மாமா ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டார்.

அம்மா அவரைக் கிணற்றடிக் கல்லில் உட்கார வைத்தாள். எதிரிலேயே அவளும் உட்கார்ந்தாள். அடுப்பில் உலை கொதித்தது, எழுந்து போகவில்லை.

“எங்கயும் போவாத. பேசிக்கினே இரு, கண்ண மூடிடாத. ஊர்ல நம்ம அம்மா ஊட்டுப் பசு இன்னா நெறம்?”

“கருப்பு.”

“நெத்தியில?”

“சுட்டி. இன்னாக்கா, இதெல்லாம் உனக்குத் தெரியாதா?”

“கேட்டதுக்குச் சொல்லு. என் கையில எத்தினி வெரலு நீட்டியிருக்கேன்?”

எனக்கு ஒரே சந்தோஷம். சண்டை தீர்ந்தது, இனிமேல் தூது போக வேண்டாம். ஆனால் கேள்வி நிற்கவில்லை. வெயில் ஏறியது. அம்மா மாமாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“பெரியம்மாவ எந்த ஊர்ல குடுத்தாங்க?”

மாமா யோசித்தார். ராத்திரி தூங்காத முகம். வாய் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. எனக்குப் பதில் தெரியும்.

“செங்கம்!” என்றேன்.

முதுகில் பட்டென்று ஒரு அடி விழுந்தது. “நீ சும்மா இரு. அவன் சொல்லட்டும்.”

“செங்கம்தான்க்கா” என்று மாமா சிரித்தார்.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவளும் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் குதிரை குடித்தது. அப்புறம் நாங்கள் குடித்தோம். எனக்கு முதுகு எரிந்துகொண்டிருந்தது. சரியான ஊரைத்தானே சொன்னேன், அதற்கு ஏன் அடி என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் குதிரையைத் தடவிக்கொண்டிருந்தார்.