ஆர்லீன் மாற்றிய இன்ஜின்

பதினெட்டு வருடத் திருமண வாழ்க்கையில் ஆர்லீன் காஃப்மன் தன் கணவன் ராய்ஸின் நோவா பந்தயக் காரில் ஸ்டியரிங்கைப் பிடித்ததெல்லாம் இன்ஜின் அணைந்திருந்தபோதுதான். ராய்ஸும் அவன் தம்பி டெல்பர்ட்டும் பின்னாலிருந்து தள்ளுவார்கள். டிரெய்லர் பலகையில் சக்கரம் நேராக ஏறும்படி அவள் திருப்பிக் கொடுப்பாள். ஏறியதும், "சரி, இறங்கு" என்பான் ராய்ஸ். வாரநாளெல்லாம் அறுபது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பனியிலும் மழையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள் அவள். ஆனால் அந்த அறுபத்தெட்டாம் வருடத்து நோவா மட்டும் அவளால் சமாளிக்க முடியாத வண்டி என்று வீட்டில் முடிவாகியிருந்தது. யார் எப்போது முடிவெடுத்தார்கள் என்று அவள் கேட்டதில்லை.

இலையுதிர் காலத்தின் கடைசிப் பந்தயத்தில் ஒரு பிஸ்டன் ஓட்டையாகி இன்ஜின் நின்றது. குளிர்காலத்தில் பிரித்து மாட்டலாம் என்று இருந்த ராய்ஸ், பிப்ரவரியில் தொழிற்சாலை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனான். இன்ஜின் மட்டும் கராஜில் இரும்புத் தாங்கியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏப்ரலில் டெல்பர்ட் ஒரு பெட்டியோடு வந்தான். உள்ளே எட்டு புது பிஸ்டன்கள். ஒவ்வொன்றின் தலையும் குன்றுபோல் மேடாக இருந்தது.

"கிளப்ல எல்லாரும் சேர்ந்து வாங்கினது. ராய்ஸ் போட்டிருந்த அதே மாதிரி, பன்னண்டு கம்ப்ரஷன், உள்ள இருக்கிறத பன்னண்டுல ஒரு பங்கா அழுத்தும். ஆகஸ்ட்ல அவன் பேர்ல ஒரு பந்தயம் வைக்கிறோம். வண்டிய நான் ஓட்டுறேன்."

"வண்டி என்னோடது, டெல்பர்ட்."

"உன்னோடதுதான், யார் இல்லன்னா? ஓட்டுறது மட்டும்தான் நான்."

"நான்தான் ஓட்டப்போறேன்."

"எங்க?"

"வேலைக்கு. கடைக்கு. எங்க போகணும்னு தோணுதோ அங்க."

டெல்பர்ட் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "இந்த பிஸ்டனுக்கு பந்தய பெட்ரோல் வேணும். சாதா பங்க்ல ஊத்தினா பெட்ரோல் முன்னாடியே வெடிச்சு, இன்ஜின் தட்டித் தட்டியே மறுபடி ஓட்டை போட்டுரும்."

"அதான் இந்த பிஸ்டன் வேணாங்கிறேன். எடுத்துட்டுப் போ."

அவன் எடுத்துப் போகவில்லை. பெட்டியை அவளே அவன் வண்டியில் கொண்டுபோய் வைத்தாள்.

இன்ஜின் கட்டையை வெண்டல் ஸ்டக்கியின் பட்டறைக்கு ஏற்றிக்கொண்டு போனாள். ராய்ஸுக்கும் அந்த ஊர்ப் பந்தயக்காரர்கள் பாதிப் பேருக்கும் சிலிண்டர் கடைந்து கொடுத்தவர் வெண்டல். அதிகம் பேசமாட்டார். அவளுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

"கம்ப்ரஷனை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைங்க. எட்டு. நடுவுல குழி விழுந்த பிஸ்டன் இருக்குமே, அது."

"அது வேண்டாம்."

"நீங்களுமா?"

"சொல்றதக் கேளு. குழி பிஸ்டன் போட்டா வண்டி செத்த மாதிரி போகும், பெட்ரோலையும் குடிக்கும். அதப் போட்டும் தட்டுற இன்ஜினப் பாத்திருக்கேன். தட்டையான பிஸ்டன் போடு. அது மேல வந்து நிக்கிறப்ப ஹெட் மூடிக்கும் அதுக்கும் நடுவுல ஒரு கனமான அட்டை அளவு இடைவெளிதான் இருக்கணும். அப்ப உள்ள இருக்கிற காத்தும் பெட்ரோலும் நடுவுக்குப் பிதுங்கி ஒழுங்கா எரியும். ஒன்பதரை வரும். பங்க் பெட்ரோல்லயே ஓடும்."

ஆர்லீன் யோசித்தாள். டெல்பர்ட்டை எதிர்ப்பதற்காகவே எட்டு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறோமோ என்று அவளுக்கே பட்டது.

"ஒன்பதரை. அதுக்கு மேல ஒரு புள்ளி ஏத்தினாலும் திருப்பிக் கொண்டுவந்துருவேன்."

"இன்னொண்ணு. வால்வத் திறந்து மூடுற கேம் ஷாஃப்ட், ராய்ஸோடது இந்த கம்ப்ரஷனுக்கு ஒத்துவராது. அதையும் மாத்தணும்."

ராய்ஸ் வண்டியின் சத்தமே அந்தக் கேம்தான். நிற்கும்போதே வண்டியைக் குலுக்கும் அந்தத் துண்டு துண்டான உறுமலைச் சமையலறையில் கேட்டுத்தான் ராய்ஸ் வீட்டில் இருக்கிறான் என்று தெரிந்துகொள்வாள்.

"மாத்துங்க" என்றாள்.

டெல்பர்ட்டுக்குச் செய்தி போய்விட்டது. பள்ளிப் பேருந்துகள் நிற்கும் கொட்டகைக்கே வந்து நின்றான். "கேமையும் கழட்டுறியாமே. அவன் சத்தத்தையும் விட்டுவைக்க மாட்டியா?"

"எனக்கு மட்டும் அந்தச் சத்தம் பிடிக்காதா? அவன் எங்கிட்ட விட்டுட்டுப் போனது வண்டிய, டெல்பர்ட். கல்லறைய இல்ல."

ஜூனில் இன்ஜினை இறக்கி மாட்டினாள். வெண்டல் வந்து உதவினார். முதல் சாவித் திருப்பலிலேயே பிடித்துக்கொண்டது. வழவழவென்று, ஒரு குடும்பக் கார் மாதிரி ஓடியது. ஆர்லீன் அணைத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெண்டல் தன் சாமான்களைத் துடைத்து அடுக்கியபடி காத்திருந்தார். முகம் கழுவிக்கொண்டு வந்தவள், "கதவைத் திறங்க, வெளிய எடுக்கிறேன்" என்றாள்.

கொளுத்தும் வெயிலில் பாலத்து ஏற்றத்துக்குப் போனாள். நான்காம் கியரிலேயே வைத்து, ஜன்னலை இறக்கி, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தாள். தட்டல் வந்தால் இங்கேதான் வரும். காது கொடுத்துக் கேட்டாள். காற்றுச் சத்தம்தான் இருந்தது.

ஆகஸ்ட் பந்தயத்துக்கு அவள் வண்டி டிரெய்லரில் வரவில்லை; அவளே சாலையில் ஓட்டி வந்தாள். வாசலிலேயே கிளப்காரன் ஒருவன், "பால் வாங்கப் போற வழியா, ஆர்லீன்?" என்றான்.

"ஆமா. உனக்கும் ஏதாவது வேணுமா?"

மைக்கில் ராய்ஸின் பெயரைச் சொல்லித் தொப்பிகளைக் கழற்றினார்கள். பிறகு அவள் நேராகப் போய்க் கோட்டில் நின்றாள். பக்கத்துத் தடத்தில் தன் சொந்தக் காரில் டெல்பர்ட். அவன் வண்டி நின்ற இடத்திலேயே துள்ளியது. அவள் வண்டி சும்மா நின்றது. பச்சை விளக்கு விழுந்ததும் இருவரும் கிளம்பினார்கள். பாதித் தூரம் போவதற்குள் அவன் வண்டியின் பின்பக்கம்தான் அவள் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் கடைசிவரை காலை எடுக்கவில்லை.

திரும்பி வந்ததும் டெல்பர்ட் அவள் ஜன்னலருகே குனிந்தான். "ராய்ஸ் இந்த வண்டில என்கிட்ட ஒருநாளும் தோத்ததில்ல."

"தெரியும். இன்னைக்குத் தோத்தது நான். அவன இதுல இழுக்காத."

அவன் போய்த் தன் காரை டிரெய்லரில் ஏற்ற ஆரம்பித்தான். ஆர்லீன் சாலையோர பங்க்கில் தொட்டி நிறையப் பிடித்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல் வடக்கே மிச்சிகன் ஏரிவரை போனாள். அதுவரை அவள் அந்த ஏரியைப் பார்த்ததில்லை. மணல்மேட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து ஹாம்பர்கர் தின்றாள்.

அந்த வருடம் நவம்பரில் அவள் வீட்டு நன்றித் திருநாள் விருந்துக்கு டெல்பர்ட் வரவில்லை. அடுத்த வருடம் வந்தான், வான்கோழியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், கராஜ் பக்கம் மட்டும் போகவில்லை. ஆர்லீனும் கூப்பிடவில்லை. பள்ளி நாள் காலைகளில் மஞ்சள் பேருந்துகளுக்கு நடுவே அந்த நோவா நின்றிருக்கும். மற்ற ஓட்டுநர்கள் யாராவது பானட்டைத் தட்டிக்கொண்டே, "இத இப்படி வெயில்ல நிறுத்துறியே" என்பார்கள்.

"சாயந்திரம் நான் வீட்டுக்குப் போக வேண்டாமா?" என்பாள் அவள்.