மீன் பெட்டியில் ஊசி மருந்து

திருவனந்தபுரம் விமான நிலையத்தின் சோதனை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவருக்கு அறுபது வயதிருக்கும். உப்புக் காற்றில் வெந்த முகம், மடிப்புக் கலையாத புதுச் சட்டை, கையில் சின்னத் தெர்மோகோல் பெட்டி. இரண்டடி நகர்ந்ததும் பெட்டியின் அடியில் உள்ளங்கையை வைத்துக் குளிர்ச்சி பார்ப்பார். எங்கள் கடற்கரை ஊரான இனயத்தில் மீன் பெட்டியை அப்படித்தான் பார்ப்போம்.

பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மீன் வாடை எழுந்தது. ஐஸுக்கு நடுவில் மருந்துக் குப்பிகளும் ஊசிகளும் இருந்தன. காவலர் இந்தியில் ஏதோ கேட்க, அவர் என்னிடம் திரும்பினார்.

"மக்கா, எனக்க சக்கரை நோய்க்குள்ள ஊசியாக்கும். இவருக்கிட்ட ஒண்ணு சொல்லிக்குடு."

எனக்கு இந்தி தெரியும். ஆனால் எனக்குப் பின்னால் என் கம்பெனி மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். தமிழே தெரியாதவன்போல் கையை விரித்தேன்.

அவர் அத்தனை பேருக்கு முன்னால் புதுச் சட்டையைத் தூக்கி, ஊசி குத்திக் கறுத்த வயிற்றைக் காட்டினார். காவலர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, ஐஸை மட்டும் கொட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்.

உள்ளே, மேனேஜர் காபி வாங்கப் போன நேரத்தில் அம்மா போனில் கூப்பிட்டாள்.

"உள்ள கேறியாச்சும்மா. நீ கஞ்சி குடிச்சியா?" என்றேன்.

எதிரே இருந்தவர் நிமிர்ந்தார். அவர்தான். சர்க்கரை குறைந்தால் தின்ன வைத்திருந்த பிஸ்கட்டை என்னிடம் நீட்டினார்.

"ஒனக்க பொறத்த நின்னது ஒனக்க மொதலாளியா, மக்கா?"

அந்த பிஸ்கட்டை எப்படித் தின்றேன் என்று இன்றும் தெரியவில்லை.