இருபத்து நாலாம் அத்தியாயம்

நேற்று பரமக்குடிப் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் கைபேசியில் ஒரு சரித்திரக் காதல் தொடரைக் கேட்டுக்கொண்டே வந்தாள். இளவரசன் ஒருவன் கடமையா காதலா என்று குமுறிக்கொண்டிருந்தான். எனக்கோ கார்பன் தாளின் வாசனை மூக்கில் ஏறியது. நானும் ஒரு காலத்தில் அப்படி ஒருவனைக் குமுறவிட்டவன்தானே!

அப்போது நயினார்கோவிலில் எழுத்தர் வேலை. கிணறு வெட்ட அனுமதி கேட்கும் மனுக்களுக்கு நடுவே நாவல் எழுதினேன். சேதுக்கரைத் தளபதி மாறவேள், அவன் காதலி முத்தழகி, அவளை மறந்தால் அரியணை தருவதாக ஆசைகாட்டும் ஒரு மாயக்காரி. அத்தியாயத்துக்குக் குறைந்தது பத்துப் பெருமூச்சு. சனிக்கிழமைதோறும் தாள்களைச் சுமந்துகொண்டு ராமநாதபுரம் போவேன். அங்கே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் செல்வி தட்டச்சு செய்து தருவாள். வாலிநோக்கத்துப் பெண்.

"எங்க ஊரு மணல்ல ஆடே தெணறும் சார். உங்க குதிரை பறக்குதே!" என்பாள்.

குதிரையை நடக்கவிட்டேன். முத்தழகிக்குச் செல்வியின் கன்னக்குழியை வைத்தேன். படித்துப் புரிந்துகொள்வாள் என்று நம்பிக்கை. தளபதிக்கு அள்ளிக் கொடுத்த வீரத்தில் எனக்கென்று கொஞ்சம் எடுத்துவைக்கத் தெரியவில்லை, பாருங்கள்.

அந்தச் சமயத்தில், முந்தைய அத்தியாயங்களை நான் அனுப்பிவைத்திருந்த மதுரை வார இதழ் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. சனிக்கிழமைக்குள் முடிவை அனுப்பினால் தொடராகப் போடுவார்களாம். அச்சில் என் பெயர்! மாயக்காரி என் மேசைக்கே வந்துவிட்டாள். தளபதி காதலியைக் கரையில் அழவிட்டுக் கப்பலேறிப் போருக்குப் போவதாகக் கடைசி அத்தியாயத்தை ஒரே மூச்சில் முடித்து, லீவு போட்டுவிட்டு ராமநாதபுரம் ஓடினேன்.

செல்வி தாள்களை வாங்கித் தட்டி அடுக்கினாள். பிறகு, "வெள்ளிக்கெழம என்னையப் பொண்ணு பாக்க வாராக சார்," என்றாள்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அப்ப இருபத்து நாலாம் அத்தியாயம் வியாழக்கிழமைக்குள்ள முடிஞ்சிருமா?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "முடிச்சுத் தாரேன் சார்."

சொன்னபடியே தந்தாள். படித்துக்கூடப் பார்க்காமல் தபாலில் சேர்த்தேன். அடுத்த மாதமே கல்யாணமாகித் தூத்துக்குடி போய்விட்டாள்.

என் முதல் பகுதி வருவதற்குள் அந்த வார இதழ் நின்றுபோனது. பிரதி திரும்பி வந்த அன்றுதான் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். 'முத்தழகி கண்ணீரோடு கரையிலேயே நின்றாள்' என்று நான் முடித்திருந்தேன். அதன் கீழே நான் எழுதாத ஒரு வரி இருந்தது: 'கப்பல் மறைந்ததும் வீட்டுக்குப் போய்விட்டாள்.'

இன்ஸ்டிட்யூட் இருந்த மாடியில் இப்போது செல்போன் பழுதுபார்க்கிறார்கள். நாவலைக் கரையான் தின்றுவிட்டது. அவ்வளவு ஆர்வமாக வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. தளபதி எதற்காகப் போருக்குப் போனான் என்பதே எனக்கு மறந்துவிட்டது. செல்வியின் வரி மட்டும் மனப்பாடம்.