நடுவில் வைத்த பித்தளைச் சோடி

எனக்கு அந்தப் பெரியவரைக் கண்ட அன்றே பிடிக்கவில்லை. ரெக்ஸ்டேலில் இருக்கும் எங்கள் கராஜுக்குள் வந்தவர், கைகுலுக்க இடக்கையை நீட்டினார். இடக்கையால் நாங்கள் திருநீறுகூட வாங்குவதில்லை.

கராஜ் என் கணவருக்கும் நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு யொரூபா இனத்தவருக்கும் பொது. பாட்னர்கள் என்றாலும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தவர்கள். ஒருநாள் லிஃப்டில் தூக்கியிருந்த கார் திடீரென்று இறங்கி, பாட்னரின் வலக்கையை நசித்துவிட்டது. இரண்டு விரல்கள் போயின. லிஃப்டின் பிடியை இழுத்தது என் கணவர்தான் என்றார் அவர். அதை ஒப்புக்கொண்டால் போதும், இல்லையென்றால் கராஜைப் பிரிப்போம் என்றார்.

"நான் அந்தப் பக்கமே போகேல்லை. அவர்தான் லொக் போடாமல் கீழை போனவர்," என்றார் என் கணவர். நான் அவரைத்தான் நம்பினேன். வேறு யாரை நம்புவது? பேச்சு முற்றி இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான், பாட்னர் தங்கள் ஆட்களில் பெரியவரான இவரைக் கூட்டிவந்தார்.

துணிப்பையிலிருந்து அவர் ஒரு சோடியை எடுத்தார். சாண் உயரத்தில் இரண்டு பித்தளை உருவங்கள், ஆணும் பெண்ணுமாக. காலடியில் இரும்பு முனை. இரண்டு தலைகளையும் ஒரு சங்கிலி இணைத்திருந்தது. ஐயோ, செய்வினையேதான்! கைப்பையிலிருந்த திருநீற்றுச் சரையை அவிழ்த்து, கணவரின் நெற்றியில் அள்ளிப் பூசினேன்.

பாட்னரின் மனைவி பயப்பட வேண்டாம் என்றாள். ஆனால் சேர்ச்சுக்குப் போகிற அவளும் கிட்டப் போகவில்லை. அவர்கள் ஊரில் அரசனையே இருத்தவும் இறக்கவும் வல்ல பெரியவர்கள் சபை ஒன்று உண்டாம். அந்தச் சபைக்கு இந்தச் சோடிதான் அடையாளம், இடக்கைதான் மரியாதை. சண்டைக்கு நடுவில் இதை வைத்தால் கை ஓங்கக்கூடாதாம். அதைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்லக்கூடாதாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நீதிபதியும் அவர்கள் ஆள், சாட்சியும் அவர்கள் பொம்மை என்றால் என் மனுசனுக்கு யார் துணை?

பாட்னர் இடக்கையால் சோடியைத் தூக்கி, முன்பு சொன்னதையே திரும்பவும் சொல்லிவிட்டுக் கீழே வைத்தார். பிறகு எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள்.

"இடக்கையாலை உந்தப் பொம்மையை நான் தொடமாட்டனெண்டு சொல்லும்," என்றார் என்னிடம் தமிழில். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பெரியவர் கோபிக்கவில்லை. வலக்கையால் எடுக்கட்டும், அதுவும் பிடிக்காவிட்டால் உங்கள் சாமியின் பேரில் சொல்லட்டும், எனக்குச் சம்மதம் என்றார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. கைப்பையைத் துழாவி முருகன் படத்தை எடுத்தேன்.

"இந்தாங்கோ, நல்லூரான். இதிலை அடிச்சுச் சொல்லுங்கோ. கேக்கட்டும் எல்லாரும்!"

என் கணவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கை மட்டும் வரவில்லை.

"உமக்கென்ன விசர் பிடிச்சிட்டுதே? வாரும், போவம்."

கராஜ் பிரிந்துவிட்டது. பெரியவரை நான் பிறகு காணவில்லை. இப்போதெல்லாம் பால் வாங்கிவருகிறேன் என்று என் கணவர் புறப்பட்டால், திரும்பும்போது கையில் பால் இருக்கிறதா என்று யன்னலில் நின்று பார்க்கிறேன்.