பத்துப் புள்ளி

இருநூற்று நாற்பத்தேழு. தமிழ் எழுத்துகள் மொத்தம் அத்தனை. திருகாணி என்று நாங்கள் கூப்பிடும் பெண் வேலை பார்த்த தையல் ஆலையில் ஆட்களை வெளியே தள்ள அவற்றில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. முழுக்க ஆங்கிலத்தில் அடித்த தாளை நீட்டி, "ஷிஃப்ட் மாத்துறோம், கையெழுத்து போடுங்க" என்றார்கள். முப்பத்தெட்டுப் பெண்கள் போட்டார்கள். அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவர்களைக் காவலாளி வாசலிலேயே நிறுத்தினான். சொந்த விருப்பத்தில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்.

திருகாணி மட்டும் கையெழுத்துப் போடவில்லை. "படிச்சுக் காட்டுங்க, அப்புறம் போடுறேன்" என்றார். ஒழுங்கீனம் என்று சொல்லி அவரையும் சேர்த்துத் தள்ளினார்கள்.

அவருக்கு அந்தப் பெயர் வந்ததும் ஆலையில்தான். நூல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தவர், குள்ளம். தையல் இயந்திரம் நின்றால் மெக்கானிக் சாவகாசமாக வருவார். அதுவரை திட்டு வாங்குவது தைக்கிற பெண். இதைப் பார்த்துப் பொறுக்காமல் இவரே ஒரு நாள் மூடியைக் கழற்றினார். முதல் இயந்திரத்தைக் கெடுத்தார். அடுத்ததையும் கெடுத்தார். அதற்கடுத்தது ஓடியது. "நீ என்ன பெரிய திருகாணியா?" என்று மேற்பார்வையாளர் நக்கலடித்தார். "ஆமா சார். கழண்டேன்னா உங்க லைனே நின்னுடும்." அன்றிலிருந்து வீட்டில்கூட அதுதான் பெயர்.

தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. நான் அப்போது சங்கத்தின் முழுநேர ஆள். விசாரணை காணொளியில் நடக்கும், கைப்பேசியில் வந்தால் ஏற்கமாட்டோம், கணினி வேண்டும், குறித்த நேரத்துக்கு வராவிட்டால் வந்த தரப்பை மட்டும் கேட்டு முடித்துவிடுவோம் என்றது தொழிலாளர் நீதிமன்றம். அதாவது, நாங்கள் இணைப்புக்குள் வரவில்லையென்றால் அந்த ஆங்கிலத் தாள் ஜெயித்துவிடும்.

சங்க அறை ஒரு கட்டடத்தின் அடித்தளம். அங்கே இருந்தது யாரோ தூக்கிப் போட வைத்திருந்த மடிக்கணினி. நீதிமன்றப் பக்கம் அதில் திறக்கவே இல்லை. இயங்குதளத்தைப் புதுப்பிக்கப் போனால், இந்தக் கணினிக்கு வயதாகிவிட்டது, வேறு வாங்குங்கள் என்று வந்தது.

"வயசானா வெளிய போன்னு சொல்றானே, நம்ம மேனேஜருக்குச் சொந்தக்காரனா?" என்றார் திருகாணி.

அவருடைய கொழுந்தன் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். பழைய கணினியிலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடும் என்று சொல்லி ஒரு பென்டிரைவைக் கொடுத்தவன் அவன்தான். நிறுவும்போது எந்த மொழி என்று கேட்டது. தமிழ் என்றார் திருகாணி. எந்த விசைப்பலகை? தமிழ். ஆங்கிலமும் இருக்கட்டுமா? வேண்டாம்.

"அண்ணி, அது பாட்டுக்கு ஓரமா கெடந்துட்டுப் போகட்டுமே."

"எதுக்கு? இந்த ரூமுக்கு வர்றவங்க திரையில என்ன இருக்குன்னு அவங்களே படிக்கணும். இன்னொருத்தன் படிச்சுச் சொன்னத நம்பித்தான் நடுத்தெருவுல நிக்கிறோம்."

நிறுவி முடித்தால் வைஃபை பட்டியலே காணோம். உள்ளே இருக்கும் வைஃபை சில்லு வேலை செய்ய ஒரு கோப்பு வேண்டும். கோப்பு இணையத்தில் இருக்கிறது. இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும். கம்பி மாட்டலாம் என்றால் அந்தத் துளை எப்போதோ உடைந்துபோயிருந்தது.

"அனுபவம் இருந்தாத்தான் வேலை, வேலை பாத்தாத்தான் அனுபவம். எனக்குப் பழக்கமான கதைதான்" என்று சிரித்தார் திருகாணி. கொழுந்தன் தன் கடைக் கணினியில் கோப்பை இறக்கி, நீதிமன்றம் அனுப்பிய இணைப்பையும் சேர்த்து, விசாரணை நாள் காலையில் பென்டிரைவில் கொண்டுவந்தான். பட்டியல் வந்தது. சங்கத்தின் வைஃபையும் அதில் இருந்தது. அறையில் கூடியிருந்த பெண்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் சீக்கிரமே அடங்கியது.

சங்கத்துக்கு வைஃபை மாட்டியவன் கொழுந்தன். கடவுச்சொல்லும் அவன் வைத்ததுதான். ஸ்மைல் என்று ஆங்கிலத்தில் இரண்டு தடவை, இடைவெளி இல்லாமல். திருகாணி விசைகளைத் தேடித் தேடி அழுத்தினார். திரையில் பத்துக் கறுப்புப் புள்ளிகள். கடவுச்சொல் தவறு. நான் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகச் சொன்னேன். எஸ், எம், ஐ, எல், ஈ. மறுபடியும் பத்துப் புள்ளி. தவறு. கொழுந்தனின் கைப்பேசியில் அதே கடவுச்சொல்லை அடித்தால் உடனே இணைந்தது.

"நான் அப்பவே சொன்னேன். தமிழ்ல போட்டா இப்படித்தான் மக்கர் பண்ணும். நகருங்க அண்ணி, இங்கிலீஷ்ல மறுபடி போட்டுத் தர்றேன்."

"அதுக்குள்ள அங்க பேரக் கூப்பிட்டுடுவாங்க, தம்பி."

"பின்ன என்னதான் பண்றது?"

அவன் நீட்டிய கையைத் திருகாணி தட்டிவிட்டார். "நூல் அறுந்தா மெஷினையா மாத்துவ? ஊசிக்குள்ள என்ன போகுதுன்னு மொதல்ல பாப்பியா மாட்டியா?"

புள்ளிக்குப் பின்னால் என்ன விழுகிறது என்று பார்க்க ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தார். அதே விசைகளை அதே வரிசையில் அழுத்தினார். திரையில் வந்தது இதுதான்:

இரனதூஇரனதூ

பின்னால் நின்ற ஒரு பெண் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டினாள். "இரன... தூ. இரன... தூ. என்னக்கா, ரெண்டு தடவ துப்புது?"

அறையே வெடித்துச் சிரித்தது. விசைகளின் மேல் அச்சடித்திருந்தது ஆங்கிலம். உள்ளே நாங்கள் வைத்திருந்ததோ தமிழ் மட்டும். எல் விசையை அழுத்தினால் த. அதன் பின்னால் ஈ விசையை, அதாவது ஊவை, அழுத்தினால் அது தூ. கணினி சொன்னபடி ஒழுங்காகக் கேட்டிருக்கிறது.

"துப்பட்டும். நான் அடிச்சதுதானே" என்றார் திருகாணி.

"இப்பவாச்சும் இங்கிலீஷ் கீபோர்டச் சேருங்க அண்ணி. ரெண்டு க்ளிக்குதான்."

"நீ உன் ஸ்மைல மாத்து."

"என்னது?"

"பாஸ்வேர்ட மாத்து. வெறும் நம்பரா வை. நம்பருக்கு ரெண்டு மொழியிலயும் ஒரே பட்டன்தான்."

"அய்யோ, இதுக்குப் போயா?"

"இதுக்குத்தான்."

முணுமுணுத்துக்கொண்டே கைப்பேசியில் மாற்றினான். திருகாணி எண்களை அடித்தார். புள்ளிகள் விழுந்தன. 'இணைக்கப்பட்டது' என்று தமிழில் வந்தது. யாரும் கைதட்டவில்லை, நேரம் இல்லை.

பென்டிரைவில் இருந்த இணைப்பைச் சொடுக்கி நாங்கள் விசாரணைக்குள் நுழைந்தபோது ஆலையின் வழக்கறிஞர் பேசிக்கொண்டிருந்தார். "எதிர்த்தரப்பு வரவில்லை, இத்துடன் முடித்துவிடலாம்..."

"வந்துட்டோம் அய்யா. எல்லாருமே வந்திருக்கோம்" என்றார் திருகாணி. கேமராவை அறை முழுக்கத் திருப்பிக் காட்டினார்.

தாளில் என்ன எழுதியிருந்தது என்று நீதிபதி ஒவ்வொருவரையும் கேட்டார். ஷிஃப்ட் மாற்றம் என்று சொன்னார்கள், படிக்கத் தெரியவில்லை என்றார்கள் பெண்கள். தமிழில் ஏன் தரவில்லை என்று வழக்கறிஞரைக் கேட்டார் நீதிபதி. அலுவலகக் கணினிகளில் தமிழ் வராது, அதற்கு வசதி இல்லை என்றார் அவர்.

"அய்யா, நான் கொஞ்சம் காட்டலாமா?" என்று கேட்டுவிட்டு, திருகாணி தன் திரையை எல்லோருக்கும் தெரியும்படி பகிர்ந்தார். கோப்பு, அமைப்புகள், தேதி, கிழமை, எல்லாம் தமிழ். வெற்றுப் பக்கத்தைத் திறந்து, எந்த விசையில் எந்த எழுத்து என்று தேடித் தேடி மெதுவாக அடித்தார்: நாங்கள் வேலையை விடவில்லை.

"இது தூக்கிப் போட இருந்த பொட்டிங்கய்யா. இதுலயே வருது. அவங்க புதுப் பொட்டியில ஏன் வராதுன்னு கேட்டுச் சொல்லுங்க."

வழக்கறிஞர் கண்ணாடியைத் துடைத்தார். நீதிபதி திரையில் இருந்த வரியைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

புரியாத மொழியில் வாங்கிய கையெழுத்து செல்லாது, ஒழுங்கீனக் குற்றச்சாட்டும் நிற்காது, எல்லோரையும் திரும்ப எடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஆலை வாசலில் கதவைத் திறக்கவா வேண்டாமா என்று யோசித்த காவலாளியிடம், "யோசிச்சது போதும்ணே, தெற" என்று சொல்லி முன்னால் நடந்தவர் திருகாணி.

அவரையும் சேர்த்து உள்ளே போனவர்கள்: முப்பத்தொன்பது.